நகராதே என்று சொல்லிப் போனவன்

சக்கிபம்பா,
ஜூலை, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மசெடோனியோவுக்கு எர்மெலிண்டா எழுதுவது.

ஆண்டவர் அருளால் நானும் நம் நெலிடாவும் உங்கள் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். லீமா ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வலி கொஞ்சமாவது குறைந்ததா என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் கவலை.

என் அக்கா செனோபியாவின் கடிதம் பஸ் டிரைவர் கையில் வந்து சேர்ந்தது. சூப் மட்டும் குடிக்கிறீர்கள், சோற்றைத் தள்ளிவிடுகிறீர்கள் என்று எழுதியிருந்தாள். தள்ளாதீர்கள். அதே டிரைவரிடம் வறுத்த சோளமும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் கொடுத்தனுப்புகிறேன். சோளத்தை உங்கள் அம்மாவே வறுத்தார்கள், என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. "நீ கருக்கிடுவ, அவனுக்குப் பல்லுக்குப் பதமா இருக்கணும்" என்றார்கள்.

ஊரில் இப்போது உங்கள் பேச்சுதான். உடைந்த முழங்காலோடு வாமன்ராஹு மலையின் மேற்கு முதுகு வழியாக ஒருவன் ஊர்ந்தே இறங்கி வந்தான் என்பதைப் பக்கத்து ஊர்க்காரர்கள் நம்ப மறுக்கிறார்களாம். செம்மறி மேய்க்கும் ஆகெடாவுக்கு நல்ல காலம். உங்களை முதலில் பார்த்தவள் அவள் அல்லவா, சந்தையில் யார் கேட்டாலும் சொல்கிறாள்: "மேலேருந்து ஒரு கறுப்பு மூட்டை உருண்டு உருண்டு வருது. எவனோ தவறவிட்ட சாமான்னு எடுக்கப் போனேன். மூட்டை என்கிட்டத் தண்ணி கேட்டுச்சு!" சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள், பிறகு அவளே அழுகிறாள்.

கோதுமை அடித்து முடித்தாயிற்று. அக்கம்பக்கத்தார் வந்து செய்துகொடுத்தார்கள். என்னைக் குனியவே விடவில்லை. போன பிரசவத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மருத்துவச்சியும் கணவாய்ப் பாதையில் பஸ் ஏறினால் பிள்ளையை வழியிலேயே பறிகொடுப்பாய் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இல்லாவிட்டால் நான் இப்போது உங்கள் கட்டில் பக்கத்தில் இருப்பேன், இந்தக் காகிதம் எதற்கு?

தம்பி அபிலியோவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களாம். இருக்கிறான். பனி வெளிச்சத்தில் கண் வெந்து போய்விட்டது. கண்ணில் துணி கட்டி இருட்டு அறையில் படுத்திருக்கிறான். அதனால்தான் வரவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. உங்களை விசாரித்தான். "அண்ணன் குறட்டையில அந்த வார்டுல மத்தவங்க எப்படித் தூங்குறாங்க அண்ணி?" என்று கேட்டான்.

கால்களை எடுக்கச் சம்மதம் கேட்டு டாக்டர் கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறீர்களாமே. "தம்பி வரட்டும், பனியில கருத்த காலை அவன் நிறையப் பாத்திருக்கான், அவன் சொல்லட்டும்" என்று சொன்னீர்களாம். அவனைக் கேட்டேன். டாக்டர் சொல்கிறபடி செய்யட்டும் என்றான். தயவுசெய்து போட்டுவிடுங்கள். காலதாமதம் செய்யாதீர்கள்.

நெலிடா உங்கள் கயிற்றுச் சுருளைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். பிடுங்கினால் கத்துகிறாள்.

உங்கள்
எர்மெலிண்டா


சக்கிபம்பா,
அதே செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

அபிலியோ வரவில்லை அக்கா. அவன் கண்ணில் துணியும் கட்டவில்லை, இருட்டு அறையிலும் இல்லை. மலையை விட்டே இன்னும் இறங்கவில்லை. அவருக்கு எழுதிய கடிதத்தில் அவன் கேட்டதாக ஒரு கேலியும் எழுதினேன். எழுதும்போது அவன் குரல் அப்படியே காதில் கேட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டேன். பிறகு வந்து மீதியை எழுதினேன்.

நடந்ததை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணனும் தம்பியுமாக ஒரு ஹாலந்துக்காரரை உச்சிக்கு ஏற்றிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேகம் மூடிக் காற்று பிடித்துக்கொண்டது. மேலிருந்து பெயர்ந்த பனிக்கட்டி இவர் முழங்காலை உடைத்தது. அந்த வெளிநாட்டுக்காரருக்கோ கண் தெரியாமல் போய்விட்டது. இரண்டு பேரை ஒருத்தன் இறக்க முடியுமா? அபிலியோ பனியைக் குடைந்து ஒரு குழி செய்து, அண்ணனை அதற்குள் படுக்கவைத்து, தன் தூக்கப்பையையும் சேர்த்துச் சுற்றி, இருந்த அடுப்பையும் தீனியையும் அங்கேயே விட்டுவிட்டு, "அண்ணே, நகராதே. என்ன ஆனாலும் இங்கயே இரு. இவரை விட்டுட்டு நானே வர்றேன், வேற யாரும் வரமாட்டாங்க, நான்தான் வருவேன்" என்று சொல்லிப் போனானாம். இதை நம் பக்கத்து வாராஸ் ஆஸ்பத்திரியில் இவரே என்னிடம் சொன்னார். லீமாவுக்குக் கொண்டுபோகும் முன்.

சொன்னபடியே அந்த மனிதரைக் கீழ்முகாமில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். அங்கே சமையலுக்கு இருந்தது நம் கிரிசோலோகோ. அவர் எவ்வளவோ சொன்னாராம். "படுடா, காத்து விடட்டும், விடிஞ்சு நானும் வர்றேன், ரெண்டு பேராப் போவோம்" என்றாராம். இவன் சூப்பை நின்றபடியே குடித்துவிட்டு, இன்னொரு அடுப்பும் எரிவாயுவும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "உங்க மூட்டு சத்தம் கேட்டுப் பனியே சரிஞ்சுடும் மாமா, நீங்க உருளைக்கிழங்கை உரிங்க" என்று சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். கிரிசோலோகோ இதைச் சொல்லும்போது தன் முழங்காலில் தானே ஓங்கி அடித்துக்கொண்டார்.

புயல் விடவே இல்லை. மேலே இவருக்கு எரிவாயு தீர்ந்தது, தண்ணீர் தீர்ந்தது. தம்பிக்கும் ஏதோ ஆகிவிட்டது, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஏறிய பக்கம் பனி சரிந்து கிடந்ததால் மேற்குப் பக்கமாக ஊர்ந்து இறங்கினார். அண்ணன் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்க, தம்பி மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறான்.

அக்கா, அதற்கு மேல் எனக்கு நினைக்கவே தைரியம் இல்லை.

கிரிசோலோகோவும் நம் ஊர் ஆட்களும் தேட மேலே போயிருக்கிறார்கள். அத்தை வாசலில் மலையைப் பார்த்த மாதிரி முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே கூப்பிட்டால் வருவதில்லை. மசெடோனியோவுக்கு உண்மையை எழுதிவிடலாமா என்று கேட்டேன். என் மேல் பாய்ந்தார்கள். "ஒருத்தனை மலை எடுத்துக்கிச்சு. இன்னொருத்தனை உன் பேனா எடுத்துக்கணுமா? எழுது பாக்கலாம், கையை உடைக்கிறேன்" என்றார்கள். அந்தப் பேச்சுக்கு நான் கோபப்படவில்லை. ஒருத்தனை மலை எடுத்துக்கொண்டது என்று அவர்கள் வாயிலிருந்து வந்துவிட்டதே என்றுதான் பயந்தேன். அவர்களும் உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை.

அவருக்கு எழுதியதை மட்டும் வாங்கிக்கொண்டு டிரைவர் அன்று சீக்கிரம் போய்விட்டதால் இந்தக் கடிதம் என்னிடமே தங்கிவிட்டது. அதனால் இதிலேயே தொடர்கிறேன்.

கொண்டுவந்துவிட்டார்கள் அக்கா. அவன் அப்பாவின் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். முகத்தில் காயம் எதுவும் இல்லை. அத்தை அவன் தலைமுடியை வாரிவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு கிரிசோலோகோ என்னைக் கோழிக்கூட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். சொல்லித்தான் ஆகவேண்டும், யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்றார். நானும் உன்னிடம் சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

"அந்தக் குழிக்குள்ளதாம்மா இருந்தான். அண்ணனை வச்சுட்டுப் போன அதே குழி. அடுப்பை மூட்டியிருக்கான், சூப் வச்சிருக்கான். ரெண்டு கோப்பை எடுத்து வச்சிருக்கான். ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு... ரெண்டுலயும் ஊத்தி வச்சது அப்படியே உறைஞ்சு கிடக்குது. வெளிய போய்ப் போய்த் தேடியிருக்கான் போல, ஒரு கையுறை இல்ல, விரலெல்லாம் கட்டையா இருந்துச்சு. திரும்பித் திரும்பி அங்கயே வந்திருக்கான். அண்ணன் எங்கயும் போயிருக்கமாட்டான், நகராதேன்னு சொல்லிட்டு வந்தோமே, இந்தா வந்துடுவான்னு உக்காந்திருக்கான். வாசலைப் பாத்த மாதிரி உக்காந்திருந்தான்."

தடம் எதுவும் தெரியவில்லையா, இவர் ஊர்ந்து போன தடம் இருந்திருக்குமே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அந்தக் காத்துல தடமா? இப்ப வச்ச காலடி இப்பவே மூடிடும்மா" என்றார்.

இவர் மட்டும் அங்கேயே இருந்திருந்தால் என்று ஒரு நிமிடம் நினைக்கப் போனேன். நினைக்கவில்லை. நீயும் நினைக்காதே.

இப்போது கேள். அவர் தம்பி வருவான் வருவான் என்று காத்திருந்தே, பனியில் கருத்த இரண்டு காலையும் அழுக விடுகிறார். அந்தக் கறுப்பு முழங்கால்வரை ஏறிவிட்டால் தன்னால் ஆவது ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். இனி மறைத்துப் பயன் இல்லை. சாவைச் சொல்லியே தீர வேண்டும். ஆனால் அந்த இரண்டு கோப்பைகளைச் சொல்லமாட்டேன். அது தெரிந்தால் அவர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவே மாட்டார்.

அதனால் நான் ஒன்று முடிவு செய்தேன். முதலில் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். அபிலியோ குழிக்குள் கிடைக்கவில்லை, அண்ணன் போன தடத்தைக் கண்டுபிடித்து அவன் பின்னால் இறங்கும்போது பனி விளிம்பு உடைந்து விழுந்திருக்கிறான், நொடியில் போயிருப்பான் என்றேன். அத்தை என் முகத்தையே பார்த்தார்கள். "அப்போ பெரியவன் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுதான் போனானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கிரிசோலோகோவும் பக்கத்தில் நின்று ஆமாம் என்றார். அத்தை எழுந்து உள்ளே வந்து, இத்தனை நாளில் முதல் தடவையாகப் படுத்துத் தூங்கினார்கள்.

கிரிசோலோகோ மேலே போன மற்ற ஆட்களிடமும் பேசிவிட்டார். "பொய் சொல்லாத ஆளுன்னு ஊர்ல எனக்கு ஒரு பேர் உண்டு. போகட்டும், அதை வச்சு என்ன பண்ணப் போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்துடன் அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீ பக்கத்தில் இருக்கும்போது கொடு. படித்து முடிக்கும்வரை எங்கேயும் எழுந்து போகாதே. ஜன்னல் பக்கத்துக் கட்டில் என்று எழுதியிருந்தாய், மாற்றச் சொல். கேட்டால் நான்தான் காற்று ஆகாது என்று சொன்னதாகச் சொல்.

உன் தங்கை
எர்மெலிண்டா


சக்கிபம்பா,
வியாழக்கிழமை

அன்புள்ள மசெடோனியோவுக்கு,

அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அபிலியோ இல்லை. போன கடிதத்தில் அவன் இருப்பதாக எழுதியது பொய். உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற வெறியில் எழுதினேன். அவன் அந்த வெளிநாட்டுக்காரரைப் பத்திரமாகச் சேர்த்துவிட்டு, உங்களிடம் சொன்னபடியே, தனியாகத் திரும்பி ஏறினான். நம் ஆட்கள் மேலே போய் அவனைக் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் அப்பாவின் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறோம். பாதிரியார் வந்தார். ஊரே வந்தது.

அவன் குழிக்குள் இல்லை. குழிக்கு வெகு கீழே, நீங்கள் இறங்கிய மேற்குப் பக்கத்தில்தான் கிடந்தான். நீங்கள் ஊர்ந்து போன தடத்தைப் பார்த்திருக்கிறான். அண்ணன் உயிரோடு இறங்கிவிட்டான் என்று தெரிந்துகொண்டு உங்கள் பின்னாலேயே வந்திருக்கிறான். பனி விளிம்பு உடைந்திருக்கிறது. வலி தெரிந்திருக்காது என்று கிரிசோலோகோ சொன்னார். முகத்தில் காயம் இல்லை, அதை நானே பார்த்தேன்.

நகராதே என்று அவன் சொன்னான், நகர்ந்துவிட்டோமே என்று நீங்கள் மனதைப் போட்டு வதைத்துக்கொள்வீர்கள். எனக்குத் தெரியும். நீங்கள் நகர்ந்ததால்தான் இந்த வீட்டில் ஒருத்தராவது மிச்சம் இருக்கிறீர்கள். அந்த மிச்சத்தை நீங்களே அழித்துவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்? மலையிடமா?

உங்களைத் திட்டவேண்டும் போல இருக்கிறது, திட்டுகிறேன். காலைப் பார்த்துச் சொல்ல இனி அவன் வரமாட்டான். நான்தான் சொல்லவேண்டும். வெட்டச் சொல்லுங்கள். கால் இல்லாமல் இந்த ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், எனக்கும் தெரியாது. மேட்டிலும் பள்ளத்திலும் நாம் எப்படிப் பிழைப்போம் என்று யோசித்து யோசித்து நானும் பயந்துதான் போயிருக்கிறேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் செத்துப்போன ஆள் வீட்டுக்கு என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியும். என் அப்பா செய்தார். எங்கள் அம்மா தனியாகச் சுமந்ததைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள் நான். என்னால் முடியாது மசெடோனியோ. நான் அவ்வளவு தைரியசாலி இல்லை. எல்லோரும் என்னைக் கல்லு மாதிரி என்கிறார்கள். நான் கல் இல்லை.

பிள்ளை இப்போது விலாவில் உதைக்கிறது. இன்று அடக்கத்தின்போது அத்தனை பேர் அழுகையிலும் உதைத்துக்கொண்டேதான் இருந்தது. நெலிடா நேற்று கேட்டாள், "அப்பா எப்போ வருவாங்க, சித்தப்பா மாதிரிப் படுத்துக்கிட்டா வருவாங்க?" என்று. இதற்கான பதில் உங்கள் கையில் இருக்கிறது. காகிதமும் பேனாவும் அக்காவிடம் இருக்கும்.

போடுங்கள். உங்கள் கால்மாட்டில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதியிருப்பேன். எந்தக் காலில் விழுவது? வாழ்நாள் முழுக்க நீங்கள் என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்துகொண்டு வெறுங்கள்.

உங்கள்
எர்மெலிண்டா


சக்கிபம்பா,
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மசெடோனியோவுக்கு,

அக்காவின் கடிதம் வந்தது. இரண்டு காலையும் எடுத்துவிட்டார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது, சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்று எழுதியிருந்தாள். சோறு கேட்டீர்கள் என்ற வரியை நான் உங்கள் அம்மாவுக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினேன். அவர்கள் உடனே போய் ஒரு கினிப்பன்றியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். யாருக்கு என்று கேட்டேன். "அவன் சாப்பிடுறான்ல, நாமளும் சாப்பிடுவோம்" என்றார்கள். சாப்பிட்டோம். பாதியில் அவர்கள் தட்டை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள்.

என் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்களாம், பொழுது சாயும்போது காகிதத்தைக் கொடு என்று நீங்களே கேட்டீர்களாம். அதற்காக உங்களுக்கு நான் என்ன சொல்வது?

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்காவிடம் நீங்கள் ஒன்று சொன்னீர்களாம். "அந்தக் காத்துல தடம் நிக்காதுக்கா. எனக்குத் தெரியாதா?" என்று. அக்கா அதையும் எழுதியிருந்தாள். நான் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து அடுப்பில் போட்டேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் உங்கள் அம்மா சொல்கிறார்கள்: "சின்னவன் பெரியவனோட தடத்தைப் பாத்துட்டான். அண்ணன் பிழைச்சுட்டான்னு சந்தோஷமா இறங்கியிருக்கான்." இதைச் சொல்லும்போது மட்டும்தான் அவர்கள் முகத்தில் உயிர் வருகிறது. நீங்கள் வந்ததும் உங்களிடமும் சொல்வார்கள். ஆமாம் அம்மா என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

என்னிடம் நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். கேட்கவும் வேண்டாம். என்றைக்காவது கேட்காமல் இருக்க முடியாமல் போனால், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். சொல்கிறேன். அதுவரை எனக்குத் தெரிந்ததை நான் வைத்திருக்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் வைத்திருங்கள். ஒரே வீட்டில்தானே இருக்கப் போகிறோம்.

வாசற்படிகளை இடித்து மண் மேவிச் சரிவாக்கிவிட்டோம். கிரிசோலோகோதான் செய்தார். உங்களை பஸ்ஸிலிருந்து இறக்கித் தூக்கி வருவதும் நானேதான், வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

வாருங்கள். பிள்ளை பிறப்பதற்குள் வந்துவிடுங்கள். வரும் வழியில் கணவாய் உச்சியில் மலை தெரியும், அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். பார்த்தே தீருவேன் என்றால் பாருங்கள், அழுவதை அங்கேயே அழுதுவிட்டு வாருங்கள், நானும் இங்கே அழுதுகொண்டிருப்பேன். கன்னி மரியா உங்களைக் காற்று அடிக்காத பாதையாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உங்களுக்காகக் காத்திருக்கும்
எர்மெலிண்டா